ஓரமாகப் போ!

தமிழ்நாட்டில் சைக்கிள் ஓட்டுகிறவனுக்கு இலவசமாகக் கிடைக்கிற உபதேசம் ஒன்று உண்டு. "ஓரமாகப் போ!" என்பது அது. லாரிக்காரர் சொல்வார், பஸ் படிக்கட்டில் நிற்கிற கண்டக்டர் சொல்வார், கண்ணாடியை இறக்காமல் ஹாரனாலேயே சொல்லிவிடுகிற கார்க்காரர்களும் உண்டு. சொல்கிறவர்களில் பெரும்பாலோர் பொல்லாதவர்கள் அல்லர். 'இந்த மனுஷன் அடிபட்டுச் சாகாமல் வீடு போய்ச் சேரட்டும்' என்ற நல்லெண்ணத்தோடு சொல்கிறவர்களே அதிகம். ஆனால், ஊர் ஜனங்கள் காலங்காலமாக நடந்தும் வண்டி கட்டியும் போன தடத்தின் மேல் தாரை ஊற்றி, அதற்குக் கடலின் பெயரையும் வைத்துவிட்டு, அப்புறம் அதே ஜனங்களைப் பார்த்து 'ஓரமாகப் போ' என்று சொல்வதில் இருக்கிற அநியாயம் நமக்கு உறைப்பதே இல்லை. உறைக்க வேண்டும் என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

சென்ற தை மாதத்தில், பொங்கல் கழிந்த மறு வாரம், நானும் மூன்று ஸ்நேகிதர்களும் திருவான்மியூரிலிருந்து வேதாரண்யம் வரைக்கும் கடற்கரை ஓரமாகவே சைக்கிளில் போனோம். ஒருவர் பாங்கி உத்தியோகஸ்தர்; ஒருவர் பள்ளிக்கூட வாத்தியார்; மூன்றாமவர் மருந்துக் கடை வைத்திருப்பவர். நால்வருக்கும் நாற்பது தாண்டிவிட்டது. ஏறக்குறைய 350 கிலோமீட்டர், ஆறு நாள். வாடைக் காற்று முதுகில் கை வைத்துத் தள்ளுகிற காலமாகையால் தெற்கே போவது அவ்வளவு கஷ்டமில்லை.

விஷயம் தெரிந்ததும் பத்திரிகை ஆசிரியர், "அழகான பிரயாணக் கட்டுரை ஒன்று தாருங்கள்" என்று கேட்டார். எனக்கும் ஆசைதான். மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயில் இருக்கிறது. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடு இருக்கிறது. தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்ட ஆரம்பித்த கோட்டை இன்னும் அலையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இவற்றைப் பற்றி எழுதினால் படிக்கிறவர்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஆனால் பேனா அந்தப் பக்கம் போக மறுக்கிறது. காரணம் எளியது. அந்த ஆறு நாளும் என் கண்கள் கடலின் மேல் இருந்ததைவிட, முன் சக்கரத்துக்கு நாலு முழம் முன்னால் தரையின் மேல் இருந்ததே அதிகம்.

'ஓரம்' என்கிறார்களே, அது எப்படிப்பட்ட இடம் என்று காரில் போகிறவர்களுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சொல்கிறேன். சாலையில் ஒரு வெள்ளைக் கோடு போட்டிருக்கிறார்கள். பல இடங்களில் அதற்கு அப்பால் ஒரு முழம் தார். அந்த ஒரு முழத்தில் காற்று கொண்டுவந்து கொட்டிய மணல், உடைந்த பாட்டில் கண்ணாடி, லாரியிலிருந்து சிந்திய ஜல்லி, இளநீர் மட்டை எல்லாம் இருக்கும். அதற்கும் அப்பால் தார் விளிம்பு நான்கு விரற்கடை உயரத்துக்கு முறிந்து, மண்ணில் முடிகிறது. மணலில் சைக்கிள் இறங்கினால் என்ன ஆகும் என்பது ஓட்டினவர்களுக்குத் தெரியும். முன் சக்கரம் முகத்தைத் திருப்பிக்கொள்ளும், ஆசாமி முகம் குப்புற விழுவார். இத்தனையும் தப்பித்துப் போனால், நிறுத்தியிருக்கிற வேன் ஒன்று ஓரம் முழுவதையும் அடைத்துக்கொண்டிருக்கும். அதைச் சுற்றிக்கொண்டு நடுவே வந்தால் பின்னால் ஹாரன். ஓரத்திலேயே நின்றால், தப்பான திசையில் மோட்டார் சைக்கிள் ஒன்று எதிரே வரும். பழைய பாலங்கள் சிலவற்றின் மேல் ஓரம் என்ற ஒன்றே கிடையாது. அங்கே ஓரமாகப் போக வேண்டுமென்றால் தண்ணீரில்தான் போக வேண்டும்.

மரக்காணத்துக்கு வடக்கே ஒரு வேனின் பக்கக் கண்ணாடி பாங்கி நண்பரின் முழங்கையில் தட்டிவிட்டுப் போயிற்று. எலும்புக்கு ஒன்றுமில்லை, தோல் வழண்டதோடு சரி. வேன் நிற்கவில்லை. டீக்கடையில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்த பெரியவர் மிகவும் பரிவாகக் கேட்டார்: "கொஞ்சம் ஓரமா போயிருக்கலாமே சார்?" தட்டினவனைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் சைக்கிள்காரர்தான். வாசலில் அவருடைய பழைய ஹெர்க்குலிஸ் சாய்ந்து நின்றுகொண்டிருந்தது. அடிபடுகிறவனே 'குற்றம் என்னுடையது' என்று நம்புகிற அளவுக்கு நம்முடைய உபதேசம் பலித்திருக்கிறது!

"அது வேகமாகப் போவதற்கென்று போட்ட சாலை ஐயா! அங்கே போய் உங்களை யார் சைக்கிள் விடச் சொன்னார்கள்?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். நல்ல கேள்வி. திருப்பி ஒன்று கேட்கிறேன். கானத்தூர், கோவளம், கூவத்தூர், கடப்பாக்கம், மரக்காணம், கூனிமேடு, கோட்டக்குப்பம் என்று வரிசையாக ஊர்கள் இருக்கின்றனவே, இவை சாலை போட்ட பிறகு முளைத்தவையா? சாலைதான் பின்னால் வந்தது. மீனவக் கிராமங்களுக்கு நடுவே கிடந்த துண்டு துண்டான ரோடுகளைச் சேர்த்து ஒட்டித்தான் கிழக்குக் கடற்கரைச் சாலை உண்டாயிற்று. வந்த விருந்தாளி வீட்டுக்காரனைப் பார்த்துத் திண்ணையில் போய்ப் படு என்று சொல்வது எந்த ஊர் மரியாதை?

இந்தக் கரையில் மெதுவாகப் போகிறவனுக்கு இருந்த மரியாதை கொஞ்ச நஞ்சமல்ல. சிறுபாணாற்றுப்படை என்பதே வழி நடந்து போகிற ஏழைப் பாணனுக்கு வழி சொல்கிற பாட்டு. அதில் வருகிற எயிற்பட்டினம் இன்றைய மரக்காணம் பக்கம்தான் என்று அறிஞர்கள் கருதுகிறார்கள். அந்தப் பட்டினத்தில் பரதவர் சுட்ட மீனும் தேறலும் கொடுத்து உபசரிப்பார்கள் என்று புலவர் நம்பிக்கையோடு சொல்லி அனுப்புகிறார். இன்று அதே ஊருக்கு ஒரு பாணன் கால்நடையாகக் கிளம்பினால், நாம் சொல்லி அனுப்ப வேண்டியது ஒரே வரிதான். அந்த வரி மேலே தலைப்பில் இருக்கிறது.

வேகத்தைப் பற்றி ஹைஸ்கூல் பௌதிகமே ஒரு விஷயம் சொல்லும். வண்டியின் வேகம் இரண்டு மடங்கானால், அது மோதுகிற பலம் நான்கு மடங்காகும். நாற்பதில் மோதினால் பிழைக்கக் கூடியவன் எண்பதில் மோதினால் பிழைக்க மாட்டான். 2022-ஆம் வருஷத்தில் மட்டும் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய சர்க்காரே கணக்குக் கொடுத்திருக்கிறது. யுத்தம் ஒன்று நடந்து இத்தனை பேர் செத்திருந்தால் மந்திரி சபை கவிழ்ந்திருக்கும். சாலையில் செத்ததால் 'விதி' என்று சொல்லிவிட்டு வேறு வேலையைப் பார்க்கிறோம்.

எங்களை விட்டுத் தள்ளுங்கள். நாங்கள் ஆறு நாள் உல்லாசமாகப் போய்விட்டு, அவரவர் வீட்டுக்குத் திரும்பி முழங்காலுக்குத் தைலம் தடவிக்கொள்கிறவர்கள். எங்கள் தலையில் ஹெல்மெட் இருந்தது. பின்னால் மினுக்கு மினுக்கென்று சிவப்பு விளக்கு இருந்தது. ஒரு சந்திப்பில் நின்ற காவலர் எங்களைப் பார்த்து, "சார், கொஞ்சம் ஓரமா போங்க சார்" என்றார். எங்களுக்குப் பின்னாலேயே உப்பளத்து வேலைக்குப் போகிற ஒருவர் வந்தார். விளக்குமில்லை, ஹெல்மெட்டுமில்லை, ஹேண்டில்பாரில் தூக்குச்சட்டி. அவருக்குக் கிடைத்தது: "யோவ், ஓரமா போய்யா!" ஒரே சாலை, ஒரே சைக்கிள், ஒரே ஓரம், மரியாதையில் மட்டும் இரண்டு 'சார்' வித்தியாசம். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் லட்ச ரூபாய்ச் சைக்கிளில் உடற்பயிற்சி செய்கிற கனவான்களுக்காக நான் வக்காலத்து வாங்கவில்லை. திங்கட்கிழமையும் செவ்வாய்க்கிழமையும் அதே சாலையில் வயிற்றுப் பாட்டுக்காக மிதிக்கிறவர்களுக்காகப் பேசுகிறேன்.

கூனிமேட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் குழந்தை கொஞ்ச தூரம் எங்களோடு வந்தாள். பதினோராம் வகுப்பு. சர்க்கார் கொடுத்த சைக்கிள். வாத்தியார் நண்பர் பேச்சுக் கொடுத்தார்.

"பஸ் பின்னால வந்தா என்னம்மா பண்ணுவே?"

"மண்ணுல எறங்கிப்பேன் சார். போனப்புறம் ஏறிப்பேன்."

"உன் கிளாஸ்ல எல்லாரும் சைக்கிள்லதான் வர்றாங்களா?"

"இல்ல சார். ரெண்டு பேரு வித்துட்டாங்க. ரோட்டுல பயமா இருக்குன்னு அவங்க வீட்டுல வுடல."

"அப்ப எப்படி வருவாங்க?"

"பஸ்சுக்கு நிப்பாங்க. பஸ்சு வரலன்னா லீவுதான் சார்."

அவள் இதைக் குறையாகச் சொல்லவில்லை. மழை பெய்தால் பள்ளிக்கூடம் கிடையாது என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். வாத்தியார் நண்பர் அதற்குப் பிறகு வெகுதூரம் பேசாமலே வந்தார்.

மேல்நிலைப் பள்ளியில் சேருகிற பிள்ளைகளுக்கு இலவசச் சைக்கிள் கொடுக்கிற திட்டம் தமிழ்நாட்டில் இருபது வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது. எந்தக் கட்சி சர்க்கார் வந்தாலும் அதைக் கைவிடவில்லை. நல்ல காரியம், மிக நல்ல காரியம். சைக்கிள் ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பதற்குப் புதுக்கோட்டை ஜில்லாவே சாட்சி. 1990-களின் தொடக்கத்தில் அங்கே அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் பழகிக் கொடுப்பதையும் எழுத்தறிவின் ஒரு பகுதியாகச் சேர்த்தார். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் வயலில் வேலை செய்த பெண்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டப் பழகினார்கள். பஸ்ஸுக்காகவும் புருஷனுக்காகவும் காத்து நின்ற காலம் அவர்களுக்கு மிச்சமாயிற்று. இது ஊரறிந்த கதை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். குழந்தைக்குச் சிலேட்டைக் கொடுத்துவிட்டு, "எழுதாதே, சுண்ணாம்புத் தூள் பறக்கும்" என்று சொல்வோமா? சைக்கிளைக் கொடுத்த அதே சர்க்கார்தான் சாலையையும் போடுகிறது. ஒரு இலாகா சைக்கிள் கொடுக்கிறது. இன்னொரு இலாகா அந்தச் சைக்கிளுக்கு இடமில்லாமல் சாலை போடுகிறது. நடுவே அந்தப் பெண் மண்ணில் இறங்கி நிற்கிறாள்.

சாலைக்கு இன்னோர் ஓரமும் உண்டு. அது கடல் ஓரம். கடற்கரைச் சாலையில் போகிறவன் கடலைப் பார்த்துக்கொண்டே போவான் என்று நினைப்பவர்கள் ஏமாந்து போவார்கள். திருவான்மியூரிலிருந்து மாமல்லபுரம் வரையில் நாங்கள் அதிகமாகப் பார்த்தது சுவர். பண்ணை வீட்டுச் சுவர், ஹோட்டல் சுவர், 'விரைவில் வருகிறது' என்று விளம்பரம் எழுதிய வெறும் மனைச் சுவர். முட்டுக்காட்டுப் பாலத்தின் மேல் ஏறினபோதுதான், 'அடே, இங்கே கடல் இருக்கிறதே!' என்று தெரிந்தது. அதற்குத் தெற்கே ஓர் இடத்தில், இரண்டு சுவர்களுக்கு நடுவே மணல் பாதை ஒன்று கடலுக்குப் போவது போலிருந்ததால் இறங்கினோம். "இது பிரைவேட்" என்று காவல்காரர் மறித்தார். பாதையா பிரைவேட், மணலா, கடலா என்று மருந்துக் கடை நண்பர் கேட்டார். அந்த ஏழைக் காவல்காரரிடம் பதில் ஏது? அவரும் சம்பளத்துக்காகச் சொல்கிற வார்த்தைதானே!

அடுத்த குப்பத்தில் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த கிழவரிடம் இதைச் சொன்னோம். அவர் சிரித்தார். "கடலு எங்க போயிடும் அய்யா? அங்கியேதான் கெடக்குது. வழிதான் போயிடுச்சு. முன்ன நேரா நடந்தா கடலு. இப்போ சுவரைச் சுத்திக்கினு போவணும்" என்றார்.

1981-இல் பிரதமர் இந்திரா காந்தி கடலோர மாகாண முதலமைச்சர்களுக்கு ஒரு கடிதம் எழுதினார். உயர் அலை வந்து தொடும் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரைக்கும் கரையைச் சும்மா விட்டுவைக்க வேண்டும் என்பது அதன் சாரம். 1991-இல் அது சட்டபூர்வமான அறிவிப்பாக வந்தது. கிராமப்புறக் கரைகளில் முதல் 200 மீட்டருக்குள் புதிய கட்டடம் கூடாது என்று அதில் இருந்தது. 2019 ஜனவரியில் வந்த புது அறிவிப்பு, ஜன நெருக்கம் மிகுந்த கிராமப்புறங்களில் அந்த 200-ஐ 50 ஆக்க வழி செய்தது. கடல் கரையை அரித்துக்கொண்டு உள்ளே வருகிறது. சட்டமோ கடலை நோக்கி வெளியே போகிறது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் கட்டுமரக்காரர்கள். சாலையில் சைக்கிள்காரனுக்குச் சொன்ன அதே 'ஓரமாகப் போ' அவர்களுக்கும் சொல்லப்படுகிறது. அவர்களோ ஏற்கெனவே பூமியின் ஓரத்தில் இருக்கிறவர்கள். இன்னும் எந்த ஓரத்துக்குப் போவார்கள்?

"சைக்கிளுக்குத் தனிப் பாதை என்பதெல்லாம் ஹாலந்து தேசத்துச் சமாசாரம். நமக்கு ஒத்து வருமா?" என்று கேட்பது படித்தவர்களுடைய வழக்கம். ஹாலந்து என்ன, சைக்கிள் பாதையோடு பிறந்த தேசமா? இரண்டாம் உலக யுத்தத்துக்குப் பிறகு அவர்களும் காரைக் கண்டு மயங்கி, நகரங்களை இடித்து ரோடு போட்டவர்கள்தான். 1971-இல் அந்தச் சின்ன தேசத்தில் நானூறுக்கு மேற்பட்ட குழந்தைகள் வாகனங்களில் அடிபட்டு இறந்தன. பெற்றோர்கள் 'குழந்தைக் கொலையை நிறுத்து' என்ற கோஷத்தோடு தெருவில் இறங்கினார்கள். 1973-இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அதற்கப்புறம்தான் பாதைகள் பெருகின. கேட்டார்கள், கிடைத்தது. நம் ஊரில் கேட்கிறவர்கள் இல்லை. 'ஓரமாப் போயிருக்கலாமே' என்கிறவர்களே இருக்கிறோம்.

நமக்கு விஷயம் தெரியாது என்றும் சொல்வதற்கில்லை. சைக்கிள் பாதைகளை எப்படி அமைக்க வேண்டும் என்று இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1962-லேயே ஒரு வழிகாட்டி நூல் வெளியிட்டுவிட்டது; 2015-இல் அதைத் திருத்தியும் வெளியிட்டது. புத்தகம் அலமாரியில் இருக்கிறது. பாதைதான் தரையில் இல்லை.

இடமில்லை, பணமில்லை என்பது கடைசி வாதம். மாமல்லபுரத்திலிருந்து புதுச்சேரி வரை சாலையை நான்கு வழியாக அகலப்படுத்தும் வேலையை எடுத்துக்கொண்டபோது இடமும் கிடைத்தது, பணமும் கிடைத்தது. கார்களுக்கு இரண்டு வழி கூடுதலாகக் கிடைக்கும்போது, சைக்கிளுக்கு இரண்டு கஜம் கிடைக்காதா? அதற்கும் மேலாக, கடலுக்கு இணையாகவே மரக்காணம் பக்கம் வரை பக்கிங்காம் கால்வாய் போகிறது. 1877-78 தாது வருஷப் பஞ்சத்தில், சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கிற பகுதியைக் கூலிக்கு வந்த ஏழைகளே வெட்டினார்கள். உப்பும் விறகும் நெல்லும் ஏற்றிய படகுகளைக் கரையில் நடந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்தவர்கள் நடந்த கரை இன்னும் பல இடங்களில் இருக்கிறது. முள் மண்டிக் கிடக்கிறது. அந்தக் கரையைச் செப்பனிட்டுக் கொடுத்தால் சைக்கிளுக்கும் கால்நடைக்கும் அதைவிட அழகான பாதை தமிழ்நாட்டில் வேறு இராது. ஏழைகள் வெட்டிய கால்வாய் ஏழைகளுக்கே திரும்பி வந்தது என்ற புண்ணியமும் சேரும்.

மெதுவாகப் போவதால் என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு ஒன்று சொல்லி வைக்கிறேன். மரக்காணத்தில் மழை நீர் வடிந்த பாத்திகளை மிதித்து மிதித்துத் தளம் போடுகிற மனிதர்களின் கால்களை, சைக்கிளில் போனதால்தான் பார்த்தோம். உப்பு எத்தனை ஜோடிக் கால்களால் ஆனது என்று அன்றைக்குத் தெரிந்தது. 2021-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட கழுவெளியில், தண்ணீரின் மேல் நாரைக் கூட்டம் இறங்குகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. கண்ணாடி ஏற்றிய காருக்குள் அது கேட்காது. 2004 டிசம்பர் 26-ஆம் தேதி ஆழிப் பேரலை வாரிக்கொண்டு போன நாகப்பட்டினத்துக் குப்பங்களில், எந்த வீட்டுச் சுவரில் யாருடைய படத்துக்கு மாலை போட்டிருக்கிறது என்பதை வாசல் வழியாகவே பார்த்துக்கொண்டு போனோம். தேசத்தைப் பார்ப்பது என்றால் இதுதான். எண்பது மைல் வேகத்தில் பார்ப்பது தேசத்தையல்ல, சாலையை.

வேதாரண்யத்துக்கு ஏன் போனோம் என்று கேட்பீர்கள். 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி ராஜாஜி சுமார் நூறு தொண்டர்களோடு திருச்சியிலிருந்து புறப்பட்டு, பதினைந்து நாள் நடந்து, 28-ஆம் தேதி அந்த ஊரை அடைந்தார். 30-ஆம் தேதி உப்பு எடுத்தார். அவர்களுக்குச் சோறு போட்டால் தண்டனை என்று வெள்ளைக்காரக் கலெக்டர் மிரட்டியும், ஜனங்கள் சோற்று மூட்டைகளை மரத்தில் கட்டித் தொங்கவிட்டுப் பசியாற்றினார்கள். நடந்து போனதால்தான் அந்த ஊர்வலம் ஊர் ஊராக மனசைத் தொட்டது. மோட்டாரில் போயிருந்தால் புழுதிதான் மிஞ்சியிருக்கும். சாலையின் நடுவில் நடந்து நமக்குச் சுதந்திரம் வாங்கித் தந்தவர்களின் பேரப் பிள்ளைகளுக்குச் சாலையின் ஓரம்கூட இல்லை என்பது என்ன நியாயம்?

இதைப் படிக்கிற உங்களில் பலர் வீட்டில் கார் இருக்கும். இருக்கட்டும், காரை விற்றுவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. நான் கேட்பது நாலே காரியங்கள். சாலையை அகலப்படுத்துகிற இடமெல்லாம் சைக்கிளுக்கும் கால்நடைக்கும், கரை கட்டிப் பிரித்த தனிப் பாதை ஒன்று வேண்டும். பள்ளிக்கூடம் இருக்கிற ஊருக்குள் கார்களின் வேகத்தைக் கட்டாயமாகக் குறைக்க வேண்டும். கால்வாய்க் கரையைச் செப்பனிட வேண்டும். ஒவ்வொரு குப்பத்திலிருந்தும் கடலுக்குப் போகிற பழைய வழியை அளந்து, சுவரை விலக்கி, 'பொது வழி' என்று பலகை நட வேண்டும். இவற்றை உங்கள் சட்டசபை உறுப்பினரிடம் நீங்கள் கேளுங்கள். கூனிமேட்டுப் பெண் கேட்டால் காதில் விழாது. கார் வைத்திருக்கிற நீங்கள் கேட்டால் விழும்.

அந்தப் பாதை வருகிற வரைக்கும், முன்னால் ஒரு சைக்கிள் போவதைக் கண்டால் ஹாரனில் கை வைக்கும் முன் அரை நிமிஷம் பொறுத்திருங்கள். உங்களுக்கு நஷ்டமாவது அரை நிமிஷம். அந்தப் பெண்ணுக்கு அது ஒரு நாள் பள்ளிக்கூடம்.